கண்டக்டருக்கு மட்டும் புரிந்த குரல்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ஆபரேட்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். தொலைபேசி நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, எதிரே இருக்கும் பலகையில் ஒயரைச் செருகிச் செருகி ஊருக்கும் ஊருக்கும் பேச்சைக் கோத்துவிட்டவள். பிள்ளை பிறந்த செய்தியும் பெரியவர் போன செய்தியும் அவளைத் தாண்டித்தான் போகும். "இருங்க, லைன்லயே இருங்க" என்று அவள் சொன்னால், அழுதுகொண்டே பேச வந்தவன்கூட ஒரு நிமிடம் அழுகையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பான். அப்படி ஒரு குரல். அதட்டலும் இருக்காது, குழைவும் இருக்காது. கேட்டால் தைரியம் வரும், அவ்வளவுதான்.

அவள் கணவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது அவருக்குக் கண் போய்விட்டது. கண்ணுக்குள் நீரழுத்தம் என்றார்கள். சொட்டு மருந்து, ஆபரேஷன் எல்லாம் பார்த்தாயிற்று. முதலில் ஓரங்கள் மங்கின, அப்புறம் நடுவும் மங்கியது, கடைசியில் விளக்கைப் போட்டதும் தெரியவில்லை, அணைத்ததும் தெரியவில்லை. வீட்டில் ஆளுக்கொரு மூலையில் அழுதுகொண்டிருந்தபோது அவர்தான், இனிமேல் எவன் டிக்கெட் வாங்காமல் இறங்கினாலும் தன்னை யாரும் கேட்க முடியாது என்று சொல்லிச் சிரிக்க வைத்தார்.

அன்றிலிருந்து பதினேழு வருடம் அவருக்கு உலகம் என்றால் அவள் குரல்தான். காலை ஆறரைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் இருவரும் நாலு சுற்று நடப்பார்கள். அவர் கை அவள் தோள்மேல் இருக்கும். அவள் பார்ப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவாள். பார்க்காததையும் சேர்த்துச் சொல்வாள். "பேங்க் மேனேஜர் ஓட வந்திருக்கார். வயிறு ரெண்டடி முன்னாடி ஓடுது, அதைப் பிடிக்க அவர் பின்னாடியே ஓடறார்" என்பாள். கண்டக்டர் நின்று சிரித்துவிட்டு மறுபடி நடப்பார். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தால் பிரார்த்தனைப் புத்தகத்திலிருந்து நாலு பக்கம் வாசிப்பாள். சில நாள் கேட்டுக்கொண்டே அவர் தூங்கிவிடுவார். அவர் மூச்சு மாறுவதைக் கவனித்து அவளும் நிறுத்திவிடுவாள்.

கடவுளிடம் அவளுக்கு ரொம்ப உரிமை. கண் திரும்ப வர வேண்டும் என்று அத்தனை வருடமும் கேட்டாள், வரவில்லை. அதற்காக அவள் கோபித்துக்கொண்டதும் இல்லை. "ட்ரங்க் கால் புக் பண்ணியாச்சு. லைன் கிடைக்கிறது அவர் கையில" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

எழுபத்தொன்றாவது வயதில் அவளுக்குத் தொண்டை கரகரத்தது. உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளித்தாள். ஒரு மாதம் ஆயிற்று, மூன்று மாதமும் ஆயிற்று. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது குழாயை விட்டுப் பார்த்தார்கள், துளி சதையை வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். பிறகு டாக்டர் அவளையும் மகனையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். புற்று. குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டும். கழுத்தில் ஒரு துளை போடுவார்கள், இனி மூச்சு அந்த வழியாகத்தான். உயிருக்குப் பயமில்லை. ஆனால் பேச்சு இருக்காது.

தான் பீடியோ புகையிலையோ தொட்டதே இல்லை, பின் ஏன் இது என்று அவள் கேட்டாள். சிலருக்குக் காரணம் இல்லாமலும் வரும் என்றார் டாக்டர். திரும்பி வரும்போது மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி, "ஆள் மாத்திக் கனெக்‌ஷன் குடுத்துட்டார்டா" என்றாள். வேறு யாரைப் பற்றியும் இல்லை, கடவுளைப் பற்றித்தான்.

ஆபரேஷனுக்குப் பதினோரு நாள் இருந்தது. அந்தப் பதினோரு நாளும் வாய் ஓயாமல் பேசினாள். வலித்தது, பேசினாள். எந்த டப்பாவில் எது இருக்கிறது, எந்த மாத்திரை எந்தப் பக்கம் என்று கண்டக்டருக்குப் பாடம் நடத்தினாள். அவர் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு மத்தியானம் முழுக்க விவரித்தாள். முடி கொட்டியதைச் சொல்லும்போது மட்டும் பாதியாகக் குறைத்துச் சொன்னாள். மகன் தன் பழைய போனைக் கொண்டுவந்து பிரார்த்தனைப் புத்தகம் முழுவதையும் அவள் குரலிலேயே பதிவு செய்தான். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அப்பாவின் விரலைப் பிடித்துப் பழக்கினான்.

கடைசியாக அவரிடம் என்ன சொல்வது என்று அவள் நிறைய யோசித்து வைத்திருந்தாள். நாற்பத்தாறு வருடத்துக் குடித்தனத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா என்று பார்த்தாள். ஆனால் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போது, சுவரோரம் நின்ற அவர் காலில்தான் அவள் பார்வை விழுந்தது. "ஏங்க, செருப்பு கால் மாறியிருக்கு பாருங்க" என்றாள். அவர் குனிந்து செருப்பைத் தடவுவதற்குள் ஸ்ட்ரெச்சர் கதவைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் குரல் இல்லை.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் துளை, அதன்மேல் மெல்லிய துணி. பேச முடியாத ஒருத்தி, பார்க்க முடியாத ஒருவர். எழுதிக் காட்டினால் அவருக்குத் தெரியாது. ஜாடை காட்டினாலும் தெரியாது. மகனுக்கு லீவு முடிந்துவிட்டது. தன்னோடு வந்துவிடச் சொல்லிக் கெஞ்சினான். இருவருமே மாட்டேன் என்றார்கள்.

கண்டக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். பஸ்ஸில் ஒரு விசில் கொடுத்தால் நிறுத்து, இரண்டு கொடுத்தால் போகலாம். அதையே வைத்துக்கொள்ளலாம் என்று இழுப்பறையைத் துழாவித் தன் பழைய விசிலை எடுத்துக் கழுவி அவள் கையில் கொடுத்தார். அவள் வாயில் வைத்துக்கொண்டாள். அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். "ஊது" என்றார். அவள் ஊதிப் பார்த்தாள். காற்று முழுக்கக் கழுத்து வழியாகப் போயிற்றே தவிர வாய்க்கு வரவில்லை. "ஏன், வெக்கமா? ஊது" என்றார் மறுபடியும். அவள் அவர் கையைப் பிடித்துத் தன் கழுத்துத் துணிக்கு முன்னால் வைத்தாள். சூடான காற்று உள்ளங்கையில் பட்டது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. விசிலை வாங்கி மறுபடி இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

மறுநாள் விரலுக்கு மாறினார்கள். அவர் கையில் ஒரு தட்டு என்றால் வேண்டாம், நிறுத்து. இரண்டு தட்டு என்றால் சரி. அதற்கு மேல் சொல்ல வேண்டுமானால் உள்ளங்கையில் எழுத்து எழுத்தாக எழுதுவாள். 'சாப்பிட வாங்க' என்று எழுதி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடுகிறது என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

நடையை விடவில்லை. இப்போது சொல்லிக்கொண்டு வருவது அவர் முறை. கண் தெரியாத மனிதர் தெருவை வர்ணிக்க ஆரம்பித்தார். வாசலில் நிற்கும் மாடு தன்னைப் பார்த்து வணக்கம் சொல்வதாகச் சொன்னார். அங்கே நின்றது குப்பை வண்டி. வலப்பக்கத்து வீட்டுக்குப் பச்சை வண்ணம் அடித்திருக்கிறார்கள், நன்றாகவே இல்லை என்றார். வலப்பக்கம் வெறும் காலி மனை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவள் சிரிப்புக்கு இப்போது சத்தம் கிடையாது. கழுத்துத் துளையிலிருந்து புஸ் புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. கண்டக்டர் நின்றார். "என்னது, டயர் பஞ்சரா?" என்றார். அவள் இன்னும் சிரித்தாள். மைதானத்து நடுவில் நின்று சிரித்துச் சிரித்து, அது எப்போது அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. அவருக்கு இரண்டும் ஒரே புஸ்தான் என்பதால் நல்லவேளை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அவர் கை தோளிலிருந்து இறங்கி முதுகைத் தடவியதும்தான் தெரிந்துவிட்டது என்று புரிந்தது.

ஆனால் காலைப் பிரார்த்தனையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவர் விரலால் தடவிப் போனை அழுத்துவார். அவள் குரல் கிளம்பும். திடமான, தெளிவான, எந்த வலியும் தெரியாத குரல். அவர் கைகூப்பிக் கேட்பார். அவள் எதிரே உட்கார்ந்து தன் குரலைத் தானே கேட்பாள். அடுத்த அறையில் யாரோ தன் புடவையைக் கட்டிக்கொண்டு தன் வீட்டில் நடமாடுவது போல இருக்கும்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். புதன், சனி இரண்டு நாளும் வரச் சொன்னாள். காற்றை விழுங்க வேண்டும், விழுங்கியதை ஏப்பமாக மேலே கொண்டுவர வேண்டும், அந்த ஏப்பத்தில் சொல்லைக் கோக்க வேண்டும். வகுப்பில் எட்டு ஆண்கள், நடுவில் இவள் ஒருத்திதான் பெண். பிறந்ததிலிருந்து ஏப்பம் வந்தால் வாயை மூடப் பழகியவளுக்கு, ஏப்பம் விடுவதற்கென்றே பஸ் ஏறிப் போவது முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அதையே பலகையில் எழுதிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். எட்டுப் பேரும் சத்தமில்லாமல் புஸ் புஸ்ஸென்று சிரித்தார்கள்.

வயிறு உப்பும், தலை சுற்றும், நாள் முழுக்கப் பயிற்சி செய்தாலும் ஒரு 'பா'கூட வராது. காலையில் மனசுக்குள், 'லைன் கேட்டிருக்கேன், மறந்துடாதீங்க' என்று கடவுளிடம் ஞாபகப்படுத்திவிட்டு ஆரம்பிப்பாள். மூன்றாவது மாதம் 'பா' வந்தது. பிறகு 'கா', பிறகு 'டா'. வெடிக்கிற எழுத்துகள்தான் சுலபம். 'ம'வும் 'ந'வும் பிடிகொடுக்கவில்லை. நாலாவது மாதம் ஒரு முழுச் சொல் கையில் இருந்தது. அவருக்குச் சொல்லாமல் ரகசியமாகப் பழகி, ஒரு நாள் காலை டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு, "காப்பி" என்றாள்.

கண்டக்டர் திடுக்கிட்டு எழுந்தார். டம்ளர் உருண்டது. "யாரு? யாரு உள்ள வந்தது?" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார். வீட்டுக்குள் யாரோ ஆம்பிளை வந்துவிட்டான் என்று நினைத்துவிட்டார்.

அவள் தரையைத் துடைத்தாள். அவர் உள்ளங்கையில் 'நான்தான்' என்று எழுதினாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு அவளுக்கு வாயைத் திறக்கவே பிடிக்கவில்லை. புதன்கிழமை போகவில்லை, சனிக்கிழமையும் போகவில்லை.

ஏழாம் நாள் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான், இத்தனை நாளாக அவர் போனையும் அழுத்தவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. அவர் மெதுவாக, "அந்தப் பொட்டிக்குள்ள இருக்கறவ நல்லாத்தான் வாசிக்கறா. ஆனா நான் தூங்கிட்டா நிறுத்தத் தெரியல அவளுக்கு. அவ பாட்டுக்கு வாசிச்சிட்டே இருக்கா" என்றார். போனைத் தடவி எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "அன்னிக்கு வந்தானே ஒரு ஆம்பிளை, அவனை வரச் சொல்லு. காப்பி குடுத்துட்டுப் போகட்டும்" என்றார்.

அன்றிலிருந்து வகுப்போடு வீட்டிலும் பயிற்சி நடந்தது. கண்டக்டர் தன் பழைய தடத்தின் நிறுத்தங்களை ஒவ்வொன்றாகக் கூவுவார், அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். மொத்தம் இருபத்திரண்டு. 'பால் டிப்போ' முதல் நாளே வந்துவிட்டது. 'மில் வாசல்' எத்தனை முறை சொன்னாலும் 'பில் வாசல்' என்றே வந்தது. பஸ் அங்கே நிற்காது, இறங்கி நடந்து போ என்பார். சரியாகச் சொன்னால் அவர் கையால் இரண்டு தட்டு, தப்பென்றால் ஒரு தட்டு. வருடம் முடிவதற்குள் நாலைந்து சொல்லைச் சேர்த்துப் பேச வந்துவிட்டது. கரகரவென்று, விட்டு விட்டு, தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிக் குரல். மகன் வரும்போதெல்லாம் என்ன சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டுவான். பாதி அவனுக்குப் புரியவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கடைக்காரர் பேனாவை நீட்டுவார். கண்டக்டருக்கு மட்டும் ஒரு சொல் தவறாமல் விளங்கிற்று. மைதானத்தில் மறுபடியும் அவளே சொல்லிக்கொண்டு வந்தாள். சுருக்கமாகத்தான். "பேங்க். வயிறு. பெரிசு" என்பாள். அது போதும் அவருக்கு.

அப்படி எட்டு மாதம் கிடைத்தது.

மழை விட்டிருந்த சமயம் அவருக்குச் சளி பிடித்தது. இரண்டு நாளில் காய்ச்சல், மூன்றாம் நாள் மூச்சு வாங்கிற்று. நிமோனியா என்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டு முகத்தில் ஆக்ஸிஜன் மூடியை மாட்டினார்கள். அவள் கட்டிலோரம் இருந்தாள். அவள் பேசினால் நர்ஸுகள் பதறினார்கள். கிழவிக்குத் தொண்டை அடைக்கிறது என்று ஒருத்தி தண்ணீரோடு ஓடி வந்தாள். அவள் ஜன்னலைக் காட்டி ஏதோ சொல்ல, யாருக்கும் புரியவில்லை. கண்டக்டர் மூடியைத் தூக்கிவிட்டு, "ஜன்னல சாத்தச் சொல்றா. குளிர் காத்து வருதாம்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து உடம்பே குலுங்கிற்று. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அவள் எதற்கோ வாயெடுக்க, மறுபடி அவர் மூடியைத் தூக்கினார். அப்போது சுற்றி வந்த டாக்டர், இப்படி மூடியை எடுத்தால் ஒவ்வொரு தடவையும் ஆபத்து என்று கடிந்துகொண்டார்.

அவள் யோசித்தாள். தான் பேசினால் இவர் மொழிபெயர்ப்பார். மொழிபெயர்த்தால் மூச்சு போகும். அந்த நிமிடத்திலிருந்து அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். வேண்டியதைத் தாளில் எழுதி நர்ஸிடமும், ஊரிலிருந்து வந்து மருந்துக்கு அலைந்துகொண்டிருந்த மகனிடமும் நீட்டினாள்.

நாலாவது நாள் காலையில் அவர் மூடிக்குள்ளிருந்தே, "ஏன் பேச மாட்டேங்கறே?" என்று கேட்டார். அவள் அவர் கையில் ஒரு தட்டு தட்டினாள். பேச வேண்டாம், சும்மா இருங்கள் என்று அர்த்தம். அவர் விரல்கள் அவள் விரலைப் பிடித்துக்கொண்டன. "கோவமா?" என்றார். மறுபடியும் ஒரு தட்டு. இல்லை என்றுதான் அவள் சொன்னாள். அவர் அப்படி எடுத்துக்கொண்டாரா, அதையும் பேசாதே என்று எடுத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. உள்ளங்கையை விரித்து எழுதலாம் என்றால் இரண்டு கையிலும் ஊசி குத்தி உள்ளங்கை வரை பிளாஸ்திரி சுற்றியிருந்தது. அப்புறம் அவர் தூங்கினார். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அவர் மூச்சு மாறியது. பதினேழு வருடம் புத்தகத்தை வைத்துக்கொண்டு கவனித்த மூச்சு. அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. நர்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கீழே இறந்தவர் விவரம் எழுதிக்கொள்ளும் இடத்தில் உறவு என்ன என்று கேட்டார்கள். "மனைவி" என்றாள். அது "பனைவி" என்று வந்தது. மூன்று முறை சொன்னாள். அந்த ஆள் இரக்கத்தோடு தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினான்.

அதன் பிறகு அவள் பேசவில்லை. யாரிடம் பேசுவது? ஏப்பம் ஏப்பமாகக் கோத்த குரலைப் பழகியதே ஒரே ஒரு ஆளுக்காக. அந்த ஆளிடமே கடைசி ஒன்றரை நாள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டோமே என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் மூச்சைக் காப்பாற்றத்தான் செய்தாள். மூச்சும் தங்கவில்லை, பேச்சும் போயிற்று. காலையில் எழுந்து உட்கார்வாள். பிரார்த்தனைப் புத்தகத்தைத் தொடமாட்டாள். நடக்கவும் போகவில்லை. பயிற்சிப் பெண் இரண்டு தடவை ஆள் விட்டாள். இப்படியே விட்டால் தொண்டை மறந்துவிடும் என்று சொல்லி அனுப்பினாள். மறக்கட்டும் என்று இருந்தாள். கடவுளிடம் சண்டை போடக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

முப்பதாம் நாள் நினைவுப் பிரார்த்தனைக்கு மகன் ஏற்பாடு செய்தான். வீட்டுக் கூடத்தில் நாற்பது பேர் கூடினார்கள். கண்டக்டரோடு வேலை பார்த்த டிரைவர் வந்திருந்தார், பேங்க் மேனேஜர் வந்திருந்தார், பயிற்சி வகுப்பிலிருந்து மூன்று ஆண்கள் கழுத்தில் துணியோடு வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். எல்லோரும் அமைதியானதும் மகன் பழைய போனை எடுத்து மேசைமேல் வைத்தான். அம்மா குரலிலேயே பிரார்த்தனையைக் கேட்போம், அப்பாவுக்கு அதுதான் பிடிக்கும் என்று சொல்லிப் பொத்தான்மேல் விரலை வைத்தான்.

அவள் எழுந்து வந்து அவன் விரலை எடுத்துவிட்டாள். புத்தகத்தைத் திறந்தாள். காற்றை விழுங்கினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி விழுங்கினாள். ஒரு மாதம் சும்மா கிடந்த தொண்டை அடம்பிடித்தது. யாரோ சங்கடத்தோடு இருமினார்கள். மூன்றாவது தடவை ஒரு சொல் வந்தது, பிறகு இன்னொன்று. அரைப் பக்கம் வாசிக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பலருக்கு ஒரு வரிகூட விளங்கியிருக்காது. ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை.

முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள். பிறகு புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னாள். மகன் பழக்கப்படி, "சரிம்மா" என்று தலையாட்டினான். அவள் அவனையே பார்த்தாள். அவன் தலை தானாக நின்றது. முகம் சிவந்தது.

"புரியலம்மா" என்றான். "திருப்பிச் சொல்லுங்க."

சொன்னாள். அவன் பக்கத்தில் வந்து குனிந்து அவள் உதட்டைப் பார்த்தான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். நாலாவது தடவைதான் அவனுக்குப் பிடிபட்டது. அவன் வாய்விட்டுச் சொன்னான்: "கோவம் இல்ல. மூச்சு போயிடும்னுதான் பேசல."

யாரிடம் சொல்கிறாள் என்று கூடத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. மகனுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அம்மா ஏன் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள் என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். அவளும் அழுதாள். பின்வரிசை ஆண்கள் மூவருக்கும் மட்டும் அந்தப் புஸ் சத்தம் என்னவென்று தெரிந்தது.

மகன் இன்னும் நாலு நாள் இருந்தான். அந்த நாலு நாளும் அவள் சொன்னது புரியாவிட்டால் புரியவில்லை என்றான். தன்னோடு வரச் சொன்னான். இங்கேயே இருக்கிறேன், புதன் சனி வகுப்பு இருக்கிறது என்றாள். அதை அவன் இரண்டாம் தடவையே புரிந்துகொண்டான்.

அவள் மறுபடி நடக்க ஆரம்பித்தாள். முதலில் ஒரு சுற்று, பிறகு இரண்டு. நாலு இன்னும் முடியவில்லை. காலையில் பிரார்த்தனை வாசிக்கிறாள், சத்தமாக, மூன்று மூன்று சொல்லாக. கடவுளிடம் எதையும் கேட்பதில்லை. வகுப்பில் யார் என்ன சொன்னார்கள், யாருக்கு 'பா' வந்தது என்று செய்தி மட்டும் சொல்கிறாள். அவர் அங்கே இருந்தால் அவரிடமும் சொல்லிவிடுங்கள் என்று முடிக்கிறாள். சில நாள் சொல்லை முந்திக்கொண்டு அழுகை வந்துவிடுகிறது. அன்றைக்குத் தொண்டை திறக்காது. முகத்தைக் கழுவிக்கொண்டு நடக்கப் போய்விடுகிறாள்.